ஆரிஃபா போர்டு

"இந்த ரெண்டாவது கோடு எதுக்கு ஆரிஃபா?"

"எந்தக் கோடு?"

"இதோ. டிரைவர் ஐசியிலேருந்து டிரான்சிஸ்டர் காலுக்கு ஒரு கோடு போகுது. அதுக்கு அடியிலேயே ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு திரும்பி வருது பாரு. இதுவும் கிரவுண்டு, பக்கத்துல இருக்கிற பெரிய பட்டையும் கிரவுண்டு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா வழி வேற. அந்தப் பட்டையில மோட்டாரோட மொத்தக் கரண்டும் ஓடுது. நம்ம சின்ன சிக்னலும் அதுலயே திரும்பி வந்தா, லாரி போற ரோட்டுல சைக்கிளை விட்ட மாதிரி. தூக்கி அடிச்சிடும்."

"சரிங்க டீச்சரம்மா."

"கேலி பண்ணாதீங்க. போற கோடும் வர்ற கோடும் ஒட்டிக்கிட்டே இருக்கணும். நடுவுல இடம் விட்டா வம்பு உள்ள வந்துடும்."

"நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொல்லு."

"ஆபீஸ்ல இதெல்லாம் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. அப்ரார் கேட்ட கேள்வியைக்கூட ஆரிஃபா மறந்துவிடுவாள். தான் சிரித்த சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தோமே, அதைக் கேட்டுவிட்டுத்தானே செய்தான் என்று நாளுக்கு நாலு தடவையாவது நினைத்துக்கொள்வாள்.

இருவரும் அப்போது அரியமங்கலத்தில் சேதுராமன் என்பவருடைய கம்பெனியில் இருந்தார்கள். சோலாரில் ஓடும் விவசாயப் பம்புகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் கம்பெனி. பெட்டிக்குள் இருக்கும் பெரிய டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். அவற்றுக்குத் திற, மூடு என்று நொடிக்குப் பல்லாயிரம் முறை சொல்வது கேட் டிரைவர் என்கிற, விரல் நகம் அளவுள்ள ஐசி. எந்த உறுப்பு எங்கே உட்கார வேண்டும், எந்தச் செம்புக் கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்று போர்டை வரைவது ஆரிஃபாவின் வேலை. வரைந்து வந்ததை ஓட்டிப் பார்ப்பது அப்ராரின் வேலை. இருவருக்கும் நிச்சயம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

சேதுராமனிடம் ஒரு வழக்கம் உண்டு. போர்டு வரைந்தவரின் பெயரை அதன் மூலையில் வெள்ளை எழுத்தில் அச்சடிப்பார். "பேர் இருந்தாத்தான்மா பொறுப்பு இருக்கும்" என்பார். முதல் போர்டு வந்த அன்று ஆரிஃபா அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தா அப்துல் மாலிக், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மகள் பெயரை இரண்டு தடவை படித்தார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஆரிஃபா பத்து நாள் லீவில் போனாள். அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் நடந்தது. டிரான்சிஸ்டரைக் குளிர வைக்கும் அலுமினிய வார்ப்பு வந்து இறங்கியது. அது உட்காரும் பள்ளம் இடது பக்கம் இருக்க வேண்டியது, வலது பக்கம் இருந்தது. இருநூறு வார்ப்பையும் உருக்கச் சேதுராமனுக்கு மனம் வரவில்லை. "போர்டைக் கொஞ்சம் அப்படி இப்படி மாத்துங்கப்பா" என்றார். அப்ரார் மாற்றினான். ஆரிஃபாவின் கம்ப்யூட்டரில், ஆரிஃபாவின் ஃபைலைத் திறந்து, டிரைவர் ஐசியைப் பெயர்த்துத் தனிக் குட்டி போர்டில் உட்கார வைத்தான். அங்கிருந்து டிரான்சிஸ்டருக்கு ஒரு ஜாண் நீளத்தில் வயர் இழுத்தான். அந்த இரண்டாவது கோட்டை, ரெண்டும் ஒரே கிரவுண்டுதானே என்று நீக்கிவிட்டான். மூலையில் இருந்த பெயரில் மட்டும் கை வைக்கவில்லை.

மூடி திறந்திருக்க மேஜையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. மூடியை மூடி, வயர்கள் மோட்டார் கேபிளோடு உரசிக்கொண்டு கிடக்க, தோட்டத்தில் ஓடும்போதுதான் ஒவ்வொன்றாக வெடித்தது.

மீட்டிங்கில் சேதுராமன் கருகிய போர்டைத் தூக்கிக் காட்டினார். "யார் பேர் இருக்கு இதுல?"

"சார், இது நான் வரைஞ்சது இல்ல. நான் லீவுல இருந்தப்போ மாத்தியிருக்காங்க."

"உன் ஃபைல், உன் சிஸ்டம், உன் பேர். வேற யாரும்மா மாத்துவா?" மாற்றச் சொன்னதே தான்தான் என்பதை அவர் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை.

ஆரிஃபா அப்ராரைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்தான். மேஜையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அவள் வேலையை விட்டாள். அந்த வெள்ளிக்கிழமை நிச்சய மோதிரத்தை அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள்.

அதோடு போயிருந்தால் ஆறியிருக்கும். பழைய வார்ப்பு தீர்ந்ததும் அதே அச்சில் புது வார்ப்பு, அதே போர்டு என்று கம்பெனி அறுநூறு பெட்டி விற்றுவிட்டது. வெடித்தால் மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றியதும் வெடித்தது. துறையூர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் கருகிய போர்டைக் கழற்றும்போதெல்லாம் மூலையில் இருந்த பெயரைப் படித்தார்கள். போர்டுக்கு அதுவே பெயராகிவிட்டது. 'ஆரிபா போயிடுச்சு', 'ஆரிபா புகை விடுது', 'புது ஆரிபா வந்திருக்கா?'

இது அவளுக்குத் தெரியவந்தது ஒரு சனிக்கிழமை. அத்தாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் கடைக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை துறையூர், உப்பிலியபுரம் மெக்கானிக்குகள் காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை எடுத்துப் போக வருகிற நாள். கவுண்டரில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"பாய், ஆரிபா ஒண்ணு கிடைக்குமா? ராசியில்லாதவ, இந்த மாசத்துல மூணாவது" என்றான் வீரமலை என்கிற மெக்கானிக். பக்கத்தில் இருந்தவன், "மூணு ஆரிபாவை வச்சு சமாளிக்கிறியே, பெரிய ஆளுய்யா நீ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது நம்மகிட்ட இல்லப்பா" என்று அத்தா சொன்னார். குரலில் ஒன்றும் இல்லை. தினமும் சொல்லிப் பழகிய குரல். நிமிர்ந்தபோது வாசலில் மகள் நிற்பதைப் பார்த்தார். "வாம்மா. வெயில் ஜாஸ்தியா இருக்கா?" என்றார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கேட்கவில்லை என்று அவர் நினைக்கட்டும் என்று அவள் இருந்துவிட்டாள். அவர் எதை நினைத்தாரோ. அந்தப் பேர் என் மகளுடையது என்று அவர் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அப்போ உங்க மக செஞ்சதா இது?' என்று அடுத்த கேள்வி வரும்.

அன்றிலிருந்து ஆரிஃபா அப்ராரை மனதுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் மைதிலி மாமி வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, கோயம்புத்தூர், பெங்களூர்க் கம்பெனிகளுக்கு போர்டு வரைந்து கொடுத்தாள். வேலைக்குக் குறைவில்லை. நல்ல இடங்களிலிருந்து வரன்கள் வந்தன. அவள் ஒன்றுக்கும் பிடிகொடுக்கவில்லை. நாலு வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்தது ஒரே ஒரு ஆளைத்தான். அதுவும் கல்யாணத்துக்கு அல்ல.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மைதிலி மாமி பாதிப் படி ஏறி நின்று குரல் கொடுத்தாள்.

"ஆரிஃபா, கீழே ஒருத்தர் வந்திருக்கார்டி. பத்து நிமிஷமா நிக்கறார், மணி அடிக்கலை. செருப்பைக்கூட கோடு போட்ட மாதிரி கழட்டி வச்சிருக்கார். தப்புப் பண்ணினவா மாதிரி இருக்கு."

எட்டிப் பார்த்தாள். அப்ரார். காதோரம் நரைத்திருந்தது. கையில் கம்பெனிப் பெட்டி ஒன்று.

மேலே வந்து உட்கார்ந்தான். அவளை 'நீங்க' என்றான். நாலு வருஷத்தில் சம்பாதித்த மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கம்பெனி மூடுற நிலைமை. அறுநூறு பெட்டியில முந்நூறுக்கு மேல போயிடுச்சு. வெளியில நாலு பேர்கிட்ட காட்டிட்டோம். உங்ககிட்ட கேட்கச் சொன்னார் சார்."

"சார் சொன்னாரா? நீங்க சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன்."

"வெடிக்கிற போர்டுல எழுதியிருக்கிற பேரைத் தேடி வந்தீங்களாக்கும்."

அவன் பெட்டியை அவள் முன்னால் தள்ளினான். அவள் பெட்டியைத் திறந்தாள். தன் பெயர் மூலையில் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டியை மாட்டி ஓட்டினாள். டிரான்சிஸ்டரின் வாசலான கேட்டுக்குப் போகும் சிக்னல், சீப்பின் பற்களைப் போல நடுங்கியது. ஒவ்வொரு தடவை டிரான்சிஸ்டர் மூடும்போதும் டிரைவர் ஐசியின் கிரவுண்டு எகிறிக் குதித்தது. அவளுக்குப் பார்க்கவே வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாள்.

அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதும் உடம்பெல்லாம் இனித்தது.

கேட்டுக்கு முன்னால் ஒரு குட்டி ரெசிஸ்டர் உண்டு. நாலு புள்ளி ஏழு ஓம். அதை எடுத்துவிட்டு நாற்பத்தேழு போட்டால் டிரான்சிஸ்டர் நிதானமாகத் திறந்து நிதானமாக மூடும். நடுக்கம் அடங்கிவிடும். திரையில் பார்த்தால் வெண்ணெய் போல இருக்கும். ஆனால் பாதி திறந்த கதவில் நிற்கிறவனுக்கு அடி விழுகிற மாதிரி, அந்த நிதானத்தில் டிரான்சிஸ்டர் சூடாகும். மார்கழியில் தாங்கும், மாசியில் தாங்கும். சித்திரை வெயிலில், தகரப் பெட்டிக்குள், மொத்தமும் ஒன்றாக வெடிக்கும்.

ரெசிஸ்டரை மாற்றிக் காட்டினாள். கோடு வழவழவென்று வந்தது. அப்ரார் திரையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒரு பாகம். ஒரே நாள் வேலை. ஆனா ஒரு கண்டிஷன். இந்த மாத்தத்துக்குக் கையெழுத்து நீங்க போடணும். மூலையில என் பேரை அழிச்சிட்டு உங்க பேர் போடணும்."

"சரி" என்றான். யோசிக்கவே இல்லை.

அவன் படியிறங்கிப் போனதும், சித்திரையை நினைத்து அவள் விரல் விட்டு எண்ணினாள். நாலு மாதம். நாலு வருஷம் காத்தவளுக்கு நாலு மாதம் பெரிதா? 'அப்ரார் வெடிச்சிட்டான்' என்று வீரமலை அத்தா கடையில் நின்று சொல்வதைச் சொல்லிப் பார்த்தாள். காதுக்குச் சுகமாக இருந்தது.

அடுத்த வாரம் பச்சைமலையில் ஒரு தோட்டத்தில் மாற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவள் வரவேண்டியதில்லை. வந்தாள். கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கம்பெனி வேனில் துறையூர் தாண்டி மலையேறும் வரை இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தோட்டம் பொன்னுத்தாயுடையது. ஐம்பது வயது இருக்கும். ஒன்றரை ஏக்கர் மரவள்ளி. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. இலைகள் வாடித் தொங்கின. இடுப்பில் குடத்தோடு வந்தவள், வேனைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"வாங்கய்யா வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நாலு தரம் மாத்தியாச்சு, நாலு தரமும் வெடிச்சா அந்த ஆரிபா. வீணாப்போனவ. எவன் வீட்டை விளங்க வைக்கப் போறாளோ!"

"யாருக்கா ஆரிபா?" என்று ஆரிஃபா கேட்டாள்.

"பெட்டிக்குள்ள இருப்பாளே தாயி, அவதான். வீரமலை வந்து திறந்து பார்த்துட்டு, 'அத்தே, ஆரிபா போயிட்டா'ம்பான். எழவு சொல்ற மாதிரி இருக்கும். அன்னையிலேருந்து குடம் குடமா நான் சுமக்கணும். தோள்பட்டையைப் பாரு."

ரவிக்கை ஓரம் தோல் தடித்துக் கறுத்திருந்தது. அப்ரார் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். வாயைத் திறக்கப் போனவனை ஆரிஃபா ஒரு பார்வையில் அடக்கினாள். நாலு வருஷம் கழித்து வருகிற வாய் இப்போது வேண்டாம்.

ரெசிஸ்டரை மாற்றி ஓட்டினான். மோட்டார் முனகியது, பிடித்தது. குழாயிலிருந்து செம்மண் நிறத்தில் கொப்பளித்து, பிறகு தெளிந்து, தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. பொன்னுத்தாய் அதில் காலை நனைத்துக்கொண்டு நின்றாள். முகத்தைக் கழுவினாள். திரும்பி ஆரிஃபாவைப் பார்த்தாள்.

"சித்திரை வரைக்கும் தாங்குமா தாயி? அப்பத்தான் கிழங்குக்குத் தண்ணி கட்டாயம் வேணும். நீ சொல்லு. இவங்க எல்லாம் தாங்கும் தாங்கும்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. உனக்குப் பொய் சொல்ற மூஞ்சி இல்ல."

ஆரிஃபா சொல்ல வேண்டியது தாங்கும் என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் முடிந்தது. அப்ராரின் கையெழுத்துக்கான தாள் அவள் பையிலேயே இருந்தது.

"தாங்காதுக்கா" என்றான் அப்ரார்.

அவள் சட்டென்று திரும்பினாள்.

"மாசி வரைக்கும் ஓடும். வெயில் ஏறினா இதுவும் போயிடும். அதுக்குள்ள நல்ல போர்டு போட்டுக் கொடுத்துடுறோம்" என்று பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினான்.

ஆரிஃபா அவனை வேனுக்குப் பின்னால் தனியே மறித்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"நீ மாத்திக் காட்டின அன்னைக்கே சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்." அவனை அறியாமல் 'நீ' வந்துவிட்டது.

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டீங்க?"

"என் பேர்ல வெடிக்கட்டும்னுதான் நீ கொடுத்தே. அது நியாயம்தானே. சித்திரைக்குள்ள நீயே சொல்லிடுவேன்னு இருந்தேன்."

"ஓ! என் மேல நம்பிக்கை வேறயா? நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க போச்சு இந்த நம்பிக்கை?"

எவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டிய குழி! அதில் இவன் தெரிந்தே வந்து காலை வைத்துவிட்டு, மேலே நிற்கிறவளையும் வேடிக்கை பார்த்திருக்கிறான். பழி வாங்குகிற சுகத்தைக்கூட இவன் விட்டு வைக்கவில்லையே என்று அழுகை முட்டியது.

"அன்னைக்கும் தெரிஞ்சுதான் அந்தக் கோட்டை வெட்டினீங்களா?"

"இல்ல. அன்னைக்கு நீ சொன்னது புரியல. புரியலன்னு உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. புரிஞ்சப்போ நூறு பெட்டி வித்து வெளியே போயாச்சு. மீட்டிங்ல..." நிறுத்தினான். "தங்கச்சி இக்ராவுக்கு அந்த மாசம் நிக்காஹ். வேலை போயிடும்னு பயந்தேன். அதெல்லாம் சாக்கு. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்."

"என்ன தாயி சண்டை அங்க?" பொன்னுத்தாய் வாய்க்காலிலிருந்து குரல் கொடுத்தாள். "புருஷன் பொண்டாட்டியா?"

"இல்ல!" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

"இந்த வேகத்துல சொன்னா யாரு நம்புவா?"

ஆரிஃபா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனாள். "அக்கா, நான்தான் ஆரிஃபா. அந்தப் பெட்டியில இருக்கிறது என் பேர்."

பொன்னுத்தாய் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தி! உசுரோட இருக்கிற பொண்ணு பேரா அது? நான் ஏதோ ஜப்பான்காரன் மிஷினு பேருன்னு இல்ல நெனச்சேன்! உன்னையா இத்தனை நாளா வாய்க்கு வந்தபடி..."

"கோட்டை வெட்டினது அவரு. பேரு மட்டும்தான் என்னுது."

பொன்னுத்தாய் அப்ராரை மேலும் கீழும் பார்த்தாள். "உம்பேரு என்னய்யா?"

"அப்ரார்."

"வாயிலேயே நுழையலையே. அதான் தப்பிச்சிட்ட."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் ஆரிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு. அப்ரார் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பொன்னுத்தாய் இரண்டு மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஆரிஃபாவின் கையில் கொடுத்தாள். "நல்லதா ஒண்ணு செஞ்சு அனுப்பு தாயி. திட்டினதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் ஆரிஃபா நேராகச் சேதுராமன் முன்னால் போய் உட்கார்ந்தாள். வார்ப்பு அச்சை மாற்ற வேண்டும், அறுநூறு பெட்டியிலும் பழைய போர்டைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். அவர் அச்சு மாற்றும் செலவைச் சொல்லிப் புலம்பினார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் உடனே சரி என்றார்.

ஆறு வாரம் வரைந்தாள். இந்தத் தடவை டிரைவர் ஐசி, டிரான்சிஸ்டர் காலிலிருந்து ஒரு விரல்கடைத் தூரத்தில் உட்கார்ந்தது. வயரே கிடையாது. போகும் கோட்டுக்கு அடியிலேயே திரும்பும் கோடு. ஐசியை ஒட்டியே அதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டிக் கெப்பாசிட்டர். மோட்டாருக்குப் போகும் பட்டை இவை எதற்கும் பக்கத்தில் வராமல் போர்டின் மறு ஓரமாகச் சுற்றிப் போனது. அப்ரார் ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்த்தான். புரியாத இடத்தில், புரியவில்லை என்று சொன்னான். அவள் விளக்கினாள். வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தேநீர் குடிக்க எழுந்தால் அவனும் எழுந்து, அவள் பக்கம் வராமல் வேறு பக்கம் போய் நின்று குடித்தான். அந்தத் தூரத்தை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

தை கடைசியில் பரிசோதனை. பெட்டியை மூடி, மோட்டார் கேபிளை உள்ளேயே சுருட்டி வைத்து, நாலு பக்கமும் ஹீட்டர் வைத்துச் சித்திரை வெயிலை விடக் கொதிக்கவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு ஓட ஆரம்பித்த மோட்டார் மாலை நாலு வரை ஓடியது. மூடியைத் திறந்து அப்ரார் சிக்னலைத் திரையில் காட்டினான். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஊழியர்கள் கை தட்டினார்கள். சேதுராமன் "பேஷ்!" என்றார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றான் அப்ரார். பழைய போர்டை எடுத்து எல்லோருக்கும் நடுவில் மேஜையில் வைத்தான். "இதை மாத்தினது நான். ஆரிஃபா லீவுல இருந்தப்போ, அவங்க சிஸ்டத்துல. கட்டாயம் வேணும்னு அவங்க எனக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்த கோட்டை வெட்டினேன். அன்னைக்கு மீட்டிங்ல தெரிஞ்சே சும்மா இருந்தேன்."

எட்டுப் பேர் இருந்தார்கள். சேதுராமன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அடப்பாவி. நாலு வருஷமா..." அவருக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அச்சை மாற்றாமல் போர்டை மாற்றச் சொன்னவர் அவர்தானே. "சரிம்மா, போனது போச்சு. மனசுல வச்சுக்காத. பழைய போர்டு எல்லாத்தையும் திருப்பி எடுத்துடலாம். இவனை என்ன செய்யலாம் சொல்லு, வேலையை விட்டு அனுப்பிடவா?"

"அதை நீங்க பார்த்துக்கங்க சார். நீங்க சொல்லித்தானே மாத்தினாரு" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

இதைத்தான் நாலு வருஷமாக மனதுக்குள் கேட்டிருந்தாள். கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் கங்கு அப்படியே கனன்றது. யார் இந்த எட்டுப் பேர்? இவர்களில் ஒருவர் கூட அவள் பெயரைச் சொல்லிச் சிரித்ததில்லை. சிரித்தவர்கள் வேறு இடத்தில் நிற்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர், அதைக் கேட்டதாகக்கூட மகளிடம் காட்டிக்கொள்ள மாட்டார். அதைத் தீர்க்க வேண்டுமென்றால் இவனிடம் வாய் விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால், எனக்கு எது வலித்தது என்று இவனுக்குத் தெரிந்துவிடும். அத்தாவுக்கும் தெரிந்துவிடும், அன்று வாசலில் நின்றவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது என்று. அதனால்தான் இத்தனை நாளும் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற பழிகளையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தஞ்சாவூர் ரோட்டில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின. அப்ரார் பின்னாலேயே வந்து நாலடி தள்ளி நின்றான்.

"வேலையை விட்டுடறேன் ஆரிஃபா. அது போதாதுன்னு தெரியும். வேற என்ன செய்யணும், சொல்லு."

"வேலையை விட்டுட்டா? ஊரை விட்டுப் போகவும் வசதியா இருக்குமே."

"போகல. நீ சொல்றதைச் செய்யாம எங்கேயும் போகல."

"ரொம்ப சுலபமா சொல்றீங்க. எங்க தெருப் பக்கம் நாலு வருஷமா வந்திருக்கீங்களா?"

அவன் முகம் மாறியது. "வரல. மாமா முகத்துல முழிக்க முடியல. பள்ளிவாசல்ல கூட, அவர் எந்த வரிசைன்னு பார்த்துட்டு வேற வரிசைக்குப் போயிடுவேன்."

"தெரியும்" என்றாள். அத்தாவும் அதைக் கவனித்திருப்பார், அதையும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பஸ் கடந்து போகும் வரை பொறுத்தாள். சத்தம் ஓய்ந்தது. நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்க அத்தா கடைக்கு வாங்க. துறையூர் மெக்கானிக் எல்லாரும் நிக்கிற நேரம். யாரும் இல்லாதப்போ வராதீங்க. அவங்க எல்லாரும் கேட்கும்படியா, அத்தா முகத்தைப் பார்த்து, 'அந்த போர்டைக் கெடுத்தது நான், உங்க மக இல்ல'ன்னு சொல்லுங்க."